அண்ணாவுக்கு 1968ல் என்ன ஆனது? சோறு நெஞ்சில் நின்றதில் தொடங்கிய கடைசி 5 மாதங்கள்

1967 தேர்தலில் தி.மு.க. அரிசியைச் சொல்லித்தான் ஓட்டு கேட்டது. ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போடப்பட்டது. அந்த அரிசியைப் போட்ட முதல்வருக்கு, அடுத்த ஆண்டே ஒரு வாய் சோறு உள்ளே இறங்குவது பெரும்பாடாகிவிட்டது.

காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை, அதாவது அறிஞர் அண்ணா, 1969 பிப்ரவரி 3ஆம் தேதி இறந்தபோது வயது 59. முதல்வராக இருந்தது சுமார் 700 நாட்கள். அவருடைய இறுதி ஊர்வலத்தில் எத்தனை பேர் கூடினார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவரைக் கொண்டுபோனது என்ன நோய் என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் தொண்டைப் புற்றுநோய். கிட்டத்தட்ட சரி, ஆனால் முழுசா சரியில்லை. அவருக்கு வந்தது உணவுக்குழாயில். தொண்டைக்குக் கீழே, நெஞ்செலும்புக்குப் பின்னால், வெளியிலிருந்து தொட்டும் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத இடம்.

அந்த இடம்தான் விஷயமே.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

1909 செப்டம்பர் 15. காஞ்சிபுரத்தில் கைத்தறியை நம்பிய செங்குந்தர் சமூகத்தில், நடராசன் - பங்காரு அம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் அண்ணா. வளர்த்தது தொத்தா என்று அவர் கூப்பிட்ட சித்தி ராஜாமணி அம்மாள். படித்தது ஊரிலேயே இருந்த பச்சையப்பன் பள்ளி. வீட்டில் காசு முடை வந்தபோது காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராகவும் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, பொருளாதாரமும் அரசியலும் படித்து ஆனர்ஸ் பட்டம். பட்டம் வாங்கிய அதே 1934ல் திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தார். அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டின் அரசியல் வரலாறு. அதை இங்கே முழுசா சொல்லத் தேவையில்லை.

ஆனால் காஞ்சிபுரத்துக்கும் அவருக்கும் இருந்த உறவைச் சொல்லியாக வேண்டும். ஈரோட்டில் பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1942ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கியது இங்கேதான். கட்சிக்காரர்களுக்குத் 'தம்பி' என்று விளித்து எழுதிய கடிதங்கள் போன இதழ் அது. பின்னாளில் நடத்திய இன்னொரு இதழுக்கு 'காஞ்சி' என்றே பெயர் வைத்தார். 1953ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் கஞ்சிக்குத் தவித்தபோது, திருச்சி வீதிகளில் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கூவி விற்றார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் பிரசாரமாக இருந்திருக்காது. 1957ல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது காஞ்சிபுரம். 1962ல் பேருந்து முதலாளி நடேச முதலியாரிடம் அவரைத் தோற்கடித்ததும் அதே காஞ்சிபுரம். ஊர்ப்பாசம் ஓட்டாக மாறும்னு சொல்ல முடியாதே!

குள்ளமான உருவம், கலைந்த தலை, கரகரத்த குரல். அந்தக் குரலைக் கேட்க ராத்திரி பத்து மணிக்குப் பிறகும் மைதானத்தில் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். மேடையில் அவரைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள். சிவந்த வாய். வெற்றிலை, பாக்கு, புகையிலை. போதாததற்கு மூக்குப்பொடி. அண்ணாவின் பொடி போடும் பழக்கம் கட்சிக்காரர்களுக்குள் செல்லமான கிண்டலாகவே இருந்தது. ராத்திரி முழுக்க எழுதுகிறவருக்கும் விடிய விடிய பேசுகிறவருக்கும் அது ஒரு துணை. தறிக்கூடங்களில் குழியில் கால் வைத்து உட்கார்ந்து பொழுதுக்கும் நெய்கிறவர்களுக்கும் அப்படித்தான். யாரும் அதைக் கெட்ட பழக்கமாகப் பார்த்த காலமில்லை. தாம்பூலம் மரியாதையின் அடையாளம், கல்யாணத்துக்கும் அதுதான், விருந்துக்கும் அதுதான்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலை வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறுதியிட்டது. புகையிலையே சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என்று அது அறிவித்தது 2004ல். அண்ணா இறந்து 35 ஆண்டுகள் கழித்து.

முதல்வரின் பரபரப்பான ஓராண்டு

1967 மார்ச் 6ஆம் தேதி பதவியேற்றார். ஜூலை 18ஆம் தேதி மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றக் கோரும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. 1968 ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு, அதே மாதம் 23ஆம் தேதி பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழித் தீர்மானம். கோடையில் அமெரிக்கா. யேல் பல்கலைக்கழகத்தின் சப் ஃபெல்லோஷிப் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. போகும் வழியிலும் வரும் வழியிலுமாக ஐரோப்பா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா என்று ஒரு பெரிய சுற்று.

அந்தப் பயணம் முடித்துத் திரும்பிய சில மாதங்களில்தான் சிக்கல் வெளியே தெரிந்தது. சாப்பாடு இறங்க மறுத்தது. சென்னையில் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். உணவுக்குழாயில் புற்று.

திடீரென்று வந்ததா? இல்லை. இந்த நோயின் மோசமான குணமே அதுதான்.

ஒரு வாய் சோறு எப்படி இறங்குகிறது?

விழுங்குவது நமக்கு ஒரு வேலையாகவே தெரியாது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை, தூக்கத்தில்கூட, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் உடம்புக்கு அது சாதாரண வேலை இல்லை. ஒரு கவளம் உள்ளே போக 20க்கும் மேற்பட்ட தசைகள் வரிசை மாறாமல் வேலை செய்ய வேண்டும்.

முதல் கட்டம் வாயில். மென்று, எச்சிலோடு பிசைந்து, நாக்கு அதை உருட்டிப் பின்னுக்குத் தள்ளுகிறது. இதுவரை நம் கட்டுப்பாட்டில். அடுத்தது தொண்டை. ஒரு நொடிகூட ஆகாது, ஆனால் மொத்த விழுங்கலிலும் ஆபத்தான நொடி இதுதான். ஏனென்றால் காற்று போகும் பாதையும் சோறு போகும் பாதையும் இங்கே ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அண்ணம் மேலேறி மூக்கை அடைக்கும், குரல்வளை மேலே வந்து அதன் மூடி கவிழும், மூச்சு ஒரு கணம் நிற்கும். தறியில் மிதியும் நாடாவும் நேரம் தப்பினால் இழை அறுகிற மாதிரி, இங்கே ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் புரையேறும். இந்த வரிசையை நடத்துவது மூளைத்தண்டு. மூன்றாவது கட்டம் உணவுக்குழாய். சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். மேலிருந்து கீழாக அலை மாதிரி சுருங்கிச் சுருங்கி, பத்து நொடிக்குள் கவளத்தை இரைப்பைக்கு அனுப்பிவிடும்.

விழுங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், இந்த மூன்றில் எந்தக் கட்டத்தில் தகராறு என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி.

பக்கவாதம் வந்தவர்களுக்குத் தகராறு பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்களில். குழாயில் அடைப்பு எதுவும் இருக்காது. கட்டளை போடுகிற மூளையில்தான் அடி. அதனால் அவர்களுக்குக் கெட்டியான பொருளைவிடத் தண்ணீர்தான் சிரமம் கொடுக்கும். தண்ணீர் வேகமாக ஓடும், தளர்ந்த தசைகள் அதற்குள் மூடியைக் கவிழ்க்க முடியாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருமல் வந்தால் நல்லது, தெரிந்துவிடும். சிலருக்கு இருமலே வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய், இரண்டு மூன்று நாளில் நிமோனியா காய்ச்சலாக வெளியே வரும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் சில நாட்களில் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லவேண்டும். வீட்டில் ஒருவர் வாய் கோணி, கை கால் விழுந்து சாய்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? பதறிப்போய் வாயில் தண்ணீரையோ சோடாவையோ சூடா காபியையோ ஊற்றுகிறோம். மாத்திரையைத் திணிக்கிறோம். செய்யவே கூடாதது அதுதான். விழுங்கும் திறன் இருக்கிறதா என்று மருத்துவமனையில் சோதித்துப் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் தரக் கூடாது. சோதனையில் தேறாதவர்களுக்கு மூக்குவழியே குழாய் போட்டு உணவு தருவார்கள். பிறகு நிமிர்த்தி உட்காரவைத்து, கூழ் பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் விழுங்குவது திரும்ப வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு முதல்வர் ஒருவருக்கு இப்படிப் பக்கவாதம் வந்ததும் உண்டு. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சிறுநீரகம் செயலிழந்து சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார், அப்போது பக்கவாதமும் தாக்கியது. அவரும் நியூயார்க்குக்குத்தான் கொண்டுபோகப்பட்டார், புரூக்ளினில் சிகிச்சை. திரும்பி வந்து மறுபடி முதல்வரானார். ஆனால் பழைய பேச்சு கடைசிவரை முழுதாக வரவில்லை.

அண்ணாவின் கதை இதற்கு நேரெதிர். கட்டளை சரியாக இருந்தது, பாதைதான் அடைபட்டது.

இட்லியா, கஞ்சியா?

உணவுக்குழாய்ப் புற்றில் முதலில் சிக்குவது கெட்டி உணவு. காஞ்சிபுரத்து உதாரணமாகவே சொன்னால், மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு வேகவைத்த கோயில் இட்லி நெஞ்சில் நிற்கும், மோர் இறங்கிவிடும். சில வாரங்களில் குழைந்த சோறும் நிற்கும். பிறகு கஞ்சி. கடைசியில் சொந்த எச்சில்கூட இறங்காத நிலை வரும். பக்கவாதத்தில் தண்ணீரில் தொடங்கும் சிக்கல், புற்றில் தண்ணீரில் போய் முடிகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், உணவுக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். உள்ளே கட்டி வளர்ந்தாலும் ரொம்ப நாள் காட்டிக்கொடுக்காது. குழாயின் வழி ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிய பிறகுதான் சோறு மாட்டுகிறது என்பதே தெரியும். அதுவும் ஆரம்பத்தில் எப்போதோ ஒரு தடவை. அவசரமா சாப்பிட்டோம், சரியா மெல்லலை என்று ஆளுக்கொரு சமாதானம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும், மறந்துபோகும். அடுத்து, தன்னையறியாமல் உணவை மாற்றிக்கொள்வார்கள். ரசம் சாதம், இடியாப்பம், பால். எடை குறையும். வேலை அதிகம், அலைச்சல் என்று அதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். உணவுக்குழாய்க்கு வெளிப்புறத்தில் கெட்டியான உறையும் கிடையாது. பக்கத்திலேயே மூச்சுக்குழாய், பெரிய ரத்தக்குழாய், குரலுக்குப் போகிற நரம்பு. புற்று ஒரு அடி எடுத்து வைத்தாலே எதையாவது தொட்டுவிடும்.

1968ல் இதைக் கண்டுபிடிக்க இருந்தவை பேரியம் என்ற வெள்ளைக் குழம்பைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும், வாய்வழியே உள்ளே விட்டுப் பார்க்கும் குழாயும்தான். சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் எடுத்ததே 1971ல். அதாவது புற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை நெஞ்சைத் திறந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

நியூயார்க்

1968 செப்டம்பர் 10ஆம் தேதி அண்ணா அமெரிக்கா புறப்பட்டார். அவருடைய 59வது பிறந்தநாளுக்கு 5 நாள் இருந்தது. போன இடம் நியூயார்க்கின் மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை, இன்றைக்கு மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்று அறியப்படுவது. அறுவை நிபுணர் டாக்டர் மில்லர். பிறந்தநாளுக்கு மறுநாள், 16ஆம் தேதி, அறுவை சிகிச்சை நடந்தது.

சென்னையிலேயே புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை இருந்தபோது ஏன் நியூயார்க் என்ற கேள்வி நியாயமானது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஒன்றும் சாதாரண இடமில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் குடிசைகளோடு தொடங்கியது அது. 1957லேயே ஆசியாவின் முதல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அங்கே வந்துவிட்டது. ஆனால் உணவுக்குழாய் அறுவை என்பது வேறு விவகாரம். நெஞ்சைத் திறந்து, குழாயில் புற்றுள்ள பகுதியை வெட்டி எடுத்து, இரைப்பையையோ குடலையோ மேலே இழுத்து இணைக்க வேண்டும். அந்தக் காலத்தில் உலகின் நல்ல மருத்துவமனைகளிலேயே அறுவை மேசையிலோ அடுத்த சில வாரங்களிலோ நோயாளியை இழப்பது அரிதான செய்தியில்லை. அதிக அனுபவமுள்ள கைகளைத் தேடிப் போனதில் தப்பில்லை.

கட்சி மேடைகளில் இன்றும் சலிக்காமல் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. படித்துக்கொண்டிருந்த ஆங்கில நாவலை முடித்துவிடலாம் என்று அறுவையைத் தள்ளிவைக்கச் சொல்லி மருத்துவரிடம் அண்ணா கேட்டாராம். அது மேரி கொரேலியின் புத்தகம் என்றும் சொல்வார்கள். கன்னிமாரா நூலகத்தில் பகல்களைக் கழித்த மனிதரைப் பற்றி இப்படி ஒரு கதை உலவுவதில் ஆச்சரியமில்லை.

ஊரில் என்ன நடந்தது என்றால், கோயில்களில் அர்ச்சனை, தர்காக்களில் துஆ, தேவாலயங்களில் ஜெபம். பகுத்தறிவு பேசிய தலைவருக்காக! அதில் முரண்பாடு இருப்பதாக ஜனங்கள் நினைக்கவே இல்லை.

நவம்பர் 6ஆம் தேதி சென்னை திரும்பினார். மெலிந்திருந்தார். ஆனால் நடந்தார், பேசினார், கோப்பு பார்த்தார். பிழைத்துவிட்டார் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

பெயர் வந்தது, உடம்பு போனது

அதே நவம்பரில் நாடாளுமன்றம் மெட்ராஸ் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றும் மசோதாவை நிறைவேற்றியது. டிசம்பர் 1ஆம் தேதி சென்னை பாலர் அரங்கத்தில் (பின்னாளில் கலைவாணர் அரங்கம்) அதற்கு விழா. போகவேண்டாம் என்றார்கள் மருத்துவர்கள். இந்த விழாவுக்குப் போகாமல் உடம்பு எதற்கு என்கிற தொனியில் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலத்தின் இன்னொரு பக்கத்தையும் விட்டுவிட முடியாது. டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அப்போதைய கிழக்குத் தஞ்சையில் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அண்ணா ஆட்சியின் மீது விழுந்த மிகக் கருப்பான நிழல் அது. முதல்வர் நோயாளியாக இருந்தார் என்பது அவரது கடைசி மாதங்களைப் புரிந்துகொள்ள உதவும். வெண்மணி மக்களுக்கு அது ஒரு பதிலாக முடியாது.

1969 பொங்கல், ஜனவரி 14. அன்றைக்குத்தான் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதே பொங்கலுக்கு 'காஞ்சி' இதழில் வந்த தம்பிக்கான கடிதம், அவர் எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்று. அன்று மாலை சென்னை தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலையைத் திறந்துவைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது. ஊரைச் சிரிக்கவைத்துவிட்டு 1957ல் போய்ச்சேர்ந்த நண்பர் என்.எஸ்.கே.

அதற்குப் பிறகு வேகமாகச் சரிந்தது. மறுபடி விழுங்க முடியவில்லை. புற்று திரும்பியிருந்தது. ஜனவரியிலேயே அடையாறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நியூயார்க்கிலிருந்து டாக்டர் மில்லரும் வரவழைக்கப்பட்டார். அடையாற்றில் மருத்துவமனை வாசல் முதல் சாலை வரை ஜனங்கள் உட்கார்ந்தே கிடந்தார்கள். உள்ளேயிருந்து வரும் ஒவ்வொரு மருத்துவ அறிக்கையும் வானொலியில் வாசிக்கப்பட்டது. ரேடியோ இருந்த வீடுகளில் தெருவே கூடியது.

இன்றைக்கு அதே நோயோடு ஒருவர் வந்தால் பாதை வேறு. எண்டோஸ்கோப்பி அரை மணி வேலை. ஸ்கேனில் பரவல் தெரிந்துவிடும். பல நோயாளிகளுக்கு முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம்தான் கத்தி. அறுவை முடியாத கட்டத்தில் வந்தவர்களுக்கும் குழாய்க்குள் உலோக வலையால் ஆன ஸ்டென்ட் வைத்து, குறைந்தபட்சம் கஞ்சியும் மோரும் இறங்க வழி செய்துவிடலாம். இவ்வளவு வந்த பிறகும் உணவுக்குழாய்ப் புற்று இன்னும் கடினமான புற்றுகளில் ஒன்றுதான், காரணம் பழைய காரணமே. ஜனங்கள் தாமதமாக வருகிறார்கள். இரண்டு மூன்று வாரமாகச் சோறோ இட்லியோ நெஞ்சில் நிற்கிறது, எடையும் குறைகிறது என்றால் அது வாயுக்கோளாறு மாத்திரை போட்டுப் பார்க்கிற விஷயமில்லை. நாற்பதைத் தாண்டியவர், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றைத் தூண்டக்கூடும் என்று 2016ல் அதே ஆய்வு முகமை சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013ல் தடை செய்யப்பட்டன. பெட்டிக்கடைகளில் கிடைக்கிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரி 3

1969 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய கொஞ்ச நேரத்தில் அடையாறு மருத்துவமனையில் அண்ணாவின் உயிர் பிரிந்தது.

உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டது. மறுநாள் கடற்கரை வரை ஊர்வலம். ஒன்றரைக் கோடிப் பேர் என்று கின்னஸ் புத்தகம் ஒரு கணக்கைப் பதிவு செய்தது. எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை, ஆனால் அன்றைக்குச் சென்னைக்கு வந்த ரயில்களின் கூரைகளில்கூட இடமில்லை. கொள்ளிடம் பாலத்தைக் கடந்தபோது அப்படிக் கூரையில் உட்கார்ந்து வந்தவர்கள் இரும்புச் சட்டத்தில் மோதிச் செத்த கொடுமையும் நடந்தது. எரிக்காமல் மெரினா மணலில் புதைத்தார்கள். நெடுஞ்செழியன் ஒரு வாரம் இடைக்கால முதல்வர். பிப்ரவரி 10ஆம் தேதி கருணாநிதி பதவியேற்றார்.

காஞ்சிபுரத்தில் அண்ணா வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். அவர் பயன்படுத்திய பொருட்களும் படங்களும் இருக்கின்றன. கோயிலுக்கும் பட்டுக்கும் வருகிற கூட்டத்தில் சிலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஊரை ஒட்டிய காரப்பேட்டையில் இன்னொரு இடத்துக்கும் அவர் பெயர்தான். அவர் இறந்த அதே 1969ல் வந்த அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை. அங்கே வருகிறவர்கள் பட்டு வாங்க வந்தவர்கள் இல்லை. பக்கத்து மாவட்டங்களிலிருந்து முதல் பஸ் பிடித்து, கையில் பழைய சீட்டும் ஒயர் கூடையும், கூடையில் ஒரு தூக்குவாளியில் கஞ்சியுமாக வருகிறார்கள். வரிசையில் உட்கார்ந்ததும் டாக்டர் கேட்கும் கேள்வி, எது இறங்குது, எது நிக்குது என்பதுதான்.